பருவம் தவறிய மழையும் பன்னாட்டு நீதியும்

அனுராதபுரத்திலிருந்து அரசாண்ட எல்லாளன் என்னும் சோழநாட்டு மன்னனைப் பற்றி மகாவம்சம் கூறும் செய்திகளுள், கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை நேயர்கள் பலரும் அறிவர். அதே அத்தியாயத்தில் வரும் மற்றொரு கதை அத்துணைப் பிரசித்தமானதன்று. கிழவி ஒருத்தி அரிசியை வெயிலிற் காய வைத்திருந்தாள். பருவமல்லாத பருவத்திற் பெய்த மழை அதனை நனைத்துக் கெடுத்துவிட்டது. அவள் நனைந்த அரிசியை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குச் சென்று மணிக்கயிற்றை இழுத்தாள். மன்னன் அவளை நகையாடித் துரத்தவில்லை. செங்கோல் வழுவாத நாட்டில் மழையும் முறை தவறாது என்று நம்பியவன் அவன். ஆகவே உண்ணா நோன்பிருந்து, தன் நாட்டில் வாரத்துக்கு ஒருமுறை நள்ளிரவில் மட்டுமே மழை பெய்யும்படி செய்தான் என்று அக்கதை முடிகிறது.

இக்கதையிற் கவனிக்கத்தக்கது அக்கிழவி அரண்மனைக்குச் சென்ற நோக்கமே. அவள் ஒரு படி அரிசியை இரந்து பெறச் செல்லவில்லை, முறையிடச் சென்றாள். இரப்பவர் வாயிலிற் காத்து நிற்பர். கொடுப்பதும் கொடாது விடுவதும் உடையவரின் விருப்பம். முறையிடுபவரோ மணியை அசைப்பர்; அதைக் கேட்டவன் எழுந்து வந்து விடை கூறியே தீரவேண்டும். இரத்தலுக்கும் முறையிடலுக்கும் உள்ள இந்த வேறுபாடே, இன்று 'காலநிலை நீதி' என்று உலகம் வழங்கும் சொல்லின் உட்பொருளாகும்.

மழைக்கு மன்னனே பொறுப்பாளி என்ற நம்பிக்கை காலப்போக்கில் மறைந்தது. புயலும் வெள்ளமும் வறட்சியும் இயற்கையின் செயல்கள். அவற்றுக்காக எவர்மீதும் குற்றஞ் சாட்டுதல் இயலாது என்று மனிதர் எண்ணத் தலைப்பட்டனர். அவ்வெண்ணத்தை இன்று விஞ்ஞானம் திருத்தியிருக்கிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் வளிமண்டலத்திற் பெருகும் காபனீரொட்சைட்டு வாயு பூமியின் வெப்பத்தை மிகுவிக்கும் என்பதை, சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரேனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டினார். ஹவாய்த் தீவின் மலையுச்சியில் அமெரிக்க விஞ்ஞானி சாள்ஸ் கீலிங் 1958ஆம் ஆண்டில் இவ்வாயுவை அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் அது ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. யந்திரத் தொழில்கள் தோன்றுமுன் அது 280 பங்களவிலேயே இருந்தது.

வெப்பமடைந்த காற்று அதிக நீராவியைத் தாங்குகிறது. அதனால் மழை பெய்யுமிடத்து அடைமழையாகப் பெய்கிறது. வெப்பமடைந்த கடல் சூறாவளிக்கு வலுவூட்டுகிறது. பனிமலைகள் உருக, கடல்மட்டம் உயர்கிறது. குறித்த ஒரு புயலை முழுவதும் மனிதர் உண்டாக்கினர் என்று சொல்லுதல் பொருந்தாது. ஆனால் அதன் கொடுமையை மனிதரின் செயல் எவ்வளவு மிகுவித்தது என்பதை மதிப்பிடும் முறைகள் இன்று உள. ஆகவே கிழவியின் முறைப்பாடு மீண்டும் விசாரணைக்குரியதாகிவிட்டது. பருவம் தவறிய மழைக்குப் பின்னால் இப்போது மனிதர் இருக்கின்றனர்.

அம்மனிதர் யாவர்? இவ்வாயுவில் கணிசமான பகுதி வெளிப்பட்ட ஆண்டிலேயே மறைந்துபோவதன்று. நூற்றாண்டுக்கணக்கில் வளிமண்டலத்திலே தங்கி நிற்பது. ஆதலால் பாட்டன் காலத்துப் புகையும் பேரன் காலத்துக் கணக்கிற் சேர்கிறது. எரிபொருள்களிலிருந்து இதுகாறும் வெளியான காபனீரொட்சைட்டில் ஏறத்தாழக் காற்பங்கு அமெரிக்க ஐக்கிய நாடு ஒன்றிலிருந்தே வெளியானது. குடும்பங்களை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் தெளிவாகிறது. உலகில் மிகுதியாக வாயுவை வெளியிடும் பத்திலொரு பங்குக் குடும்பங்கள், எல்லாக் குடும்பங்களும் வெளியிடுவதில் 34 முதல் 45 சதவீதத்துக்குக் காரணமாயிருக்கின்றன. குறைவாக வெளியிடும் அரைப்பங்கினர் வெளியிடுவது 13 முதல் 15 சதவீதமே. இது ஐக்கிய நாடுகளின் காலநிலை ஆய்வுக் குழு தனது ஆறாவது அறிக்கையிற் கூறிய கணக்காகும்.

துன்பத்தின் கணக்கோ இதற்கு நேர்மாறானது. 2010 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில், வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றால் மாண்டோர் விகிதம், எளிதிற் பாதிக்கப்படும் பிரதேசங்களில், பாதுகாப்பு மிகுந்த பிரதேசங்களில் இருந்ததைவிடப் பதினைந்து மடங்கு அதிகம் என்று அவ்வறிக்கையே கூறுகிறது. இதற்குக் காரணம் ஏழையின் வாழ்க்கையமைப்பு. செல்வன் வீடு கல்லாலானது. ஏழையின் வீடு மண்ணாலும் தகரத்தாலுமானது. செல்வனுக்குக் காப்புறுதி உண்டு. ஏழைக்கு ஓர் ஆடும் சிறிது விதைநெல்லுமே உண்டு. வெள்ளம் வடிந்தபின் செல்வன் காப்புறுதிப் பணத்தால் வீட்டைத் திருத்துகிறான். ஏழை எஞ்சிய ஆட்டை விற்றுக் கூரை வேய்கிறான். மறு ஆண்டு மறுபடியும் வெள்ளம் வரும்போது விற்பதற்கு அவனிடம் ஏதுமில்லை. பாக்கிஸ்தானில் 2022ஆம் ஆண்டு பெருவெள்ளம் 3 கோடியே 30 லட்சம் மக்களைப் பாதித்து, 1,700 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. அழிவும் இழப்புமாக 3,000 கோடி டொலருக்கு மேல் மதிப்பிடப்பட்டது. உலகம் வெளியிடும் வாயுக்களில் பாக்கிஸ்தானின் பங்கோ நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

இந்த அநீதியை உலகின் செவியில் ஏறச் செய்தது வல்லரசு ஒன்றன்று. பசுபிக் சமுத்திரத்தில் ஏறத்தாழ எண்பது தீவுகளாய்ச் சிதறிக் கிடக்கும் வனுவாட்டு என்னும் சிறுநாடே அது. அதன் மக்கட்டொகை மூன்று லட்சமளவினது. பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் கூட்டாக ஆண்ட அந்நாடு 1980ஆம் ஆண்டிற் சுதந்திரம் பெற்றது. 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'பாம்' என்னும் சூறாவளி அதனைத் தாக்கியது. ஒரே புயலால் விளைந்த நட்டம், நாடு முழுவதும் ஓராண்டில் ஈட்டும் உற்பத்தியின் 64 சதவீதத்துக்குச் சமமென மதிப்பிடப்பட்டது. குடும்பம் ஒன்று ஓராண்டுச் சம்பாத்தியத்தில் மூன்றில் இரு பங்கை ஓரிரவில் இழந்தால் அதன் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால் இந்த அளவு விளங்கும்.

வனுவாட்டு விழித்துக்கொண்டது அப்புயலுக்குப் பின்னரன்று. காலநிலை பற்றிய உலக சமவாயம் உருவாகிக்கொண்டிருந்த 1991ஆம் ஆண்டிலேயே, சிறுதீவு நாடுகளின் கூட்டணி சார்பில் அந்நாடு ஒரு யோசனையை முன்வைத்தது. கைத்தொழில் நாடுகள் பணஞ்செலுத்திக் காப்புறுதி நிதியொன்றை அமைக்கவேண்டும். கடல்மட்டம் உயர்வதால் நிலமிழக்கும் நாடுகளுக்கு அதிலிருந்து நட்டஈடு வழங்கவேண்டும் என்பதே அந்த யோசனை. 1992ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட சமவாயத்தில் அது இடம்பெறவில்லை. நாடுகளுக்குப் பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்புகள் உண்டு என்ற தத்துவம் மட்டுமே ஏட்டில் ஏறியது.

அதன்பின் நடந்த பேச்சுவார்த்தைகளை ஒரு சொல்லைச் சுற்றி நடந்த வழக்கு என்றே கூறலாம். உதவி என்ற சொல்லை ஏற்கச் செல்வ நாடுகள் ஆயத்தமாயிருந்தன; நட்டஈடு என்ற சொல்லை ஏற்க ஆயத்தமாயில்லை. 2009ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகன் மாநகரில், 2020ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு 10,000 கோடி டொலர் திரட்டித் தருவதாக அவை வாக்களித்தன. அத்தொகை முதன்முறை எட்டப்பட்டது 2022ஆம் ஆண்டிலேயே. அரசாங்கங்கள் வழியாக வந்த பணத்திலும் பெரும்பகுதி கடனாகவே கொடுக்கப்பட்டது. தமிழிற் கடன் என்ற சொல்லுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம் என்ற பொருளும் உண்டு. செய்து தீரவேண்டிய கடமை என்ற பொருளும் உண்டு. கடமைப்பட்டவர்கள் கடன் கொடுத்தவர்களாகவும், துன்பப்பட்டவர்கள் கடன்பட்டவர்களாகவும் மாறிய விந்தை இங்கே நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டுப் பரிஸ் உடன்படிக்கை இழப்பையும் சேதத்தையும் பற்றித் தனியாக ஓர் உறுப்புரையை ஏற்றது. ஆயினும் அவ்வுறுப்புரை பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என்ற வாசகமும் அம்மாநாட்டின் தீர்மானத்திற் சேர்க்கப்பட்டது.

வனுவாட்டின் யோசனைக்கு முப்பத்தோராண்டு கழிந்து, 2022ஆம் ஆண்டில் எகிப்து நாட்டிற் கூடிய மாநாட்டிலேயே இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒன்றை அமைக்க நாடுகள் இணங்கின. மறு ஆண்டு துபாயில் அதற்கு முதன்முதல் வாக்களிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 70 கோடி டொலர். பாக்கிஸ்தானின் ஒரே வெள்ளத்தால் விளைந்த நட்டத்தில் நாற்பதில் ஒரு பங்குதானும் அதில் இல்லை. நிதியம் பிறந்தது நற்செய்தியே. ஆயினும் அதற்குக் கொடுப்பதும் கொடாததும் கொடுப்பவரின் விருப்பமாகவே இருந்தது. வாயில் திறந்தது, மணி இன்னும் கட்டப்படவில்லை.

மணியைக் கட்ட முனைந்தவர்கள் மாணவர்கள். வனுவாட்டின் தலைநகரான போர்ட் விலாவில் தென் பசுபிக் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்விக்கூடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர் இருபத்தெழுவர், காலநிலை பற்றி அரசுகளுக்குள்ள கடமைகள் யாவை என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்டுவிடலாமே என்ற எண்ணத்தை முன்வைத்தனர். பாடசாலை விவாத அரங்கோடு ஒழிந்துபோகத்தக்கதாய்த் தோன்றிய அவ்வெண்ணத்தை வனுவாட்டு அரசு ஏற்று நாடுநாடாக ஆதரவு தேடியது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், மூன்று நாட்களுக்குள் இரண்டு சூறாவளிகள் வனுவாட்டைத் தாக்கின. அதே மாதம் 29ஆம் திகதி, நூற்று முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கூட்டாக முன்மொழிந்த தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை வாக்கெடுப்பின்றி ஒருமனதாக ஏற்று, நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கோரியது.

2024ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் ஹேக் நகரத்துச் சமாதான மாளிகையில் 96 நாடுகளும் 11 சர்வதேச நிறுவனங்களும் வாதங்களை முன்வைத்தன. 2025ஆம் ஆண்டு யூலை 23ஆம் திகதி நீதிமன்றம் தன் அபிப்பிராயத்தை ஏகமனதாக வெளியிட்டது. காலநிலை உடன்படிக்கைகள் மட்டுமன்றி, பிற நாட்டுக்குத் தீங்கு விளைக்கலாகாது என்ற பொதுவான சர்வதேச வழக்குச் சட்டமும் எல்லா அரசுகளையும் கட்டுப்படுத்துகிறது என்று அது கூறியது. தன் ஆட்சிக்குட்பட்ட தனியார் கம்பனிகளை நெறிப்படுத்தத் தவறுவதும் அரசின் தவறாகலாம் என்றது. கடமை தவறிய அரசு அத்தவறை நிறுத்தவேண்டும். தவறுக்கும் தீங்குக்கும் இடையே போதிய அளவு நேரான, உறுதியான தொடர்பு காட்டப்படுமிடத்து, நட்டஈடு உள்ளிட்ட முழுப் பரிகாரமும் அளிக்கவேண்டியதாகும் என்றும் கூறியது. கடல் கொண்டதனால் மட்டும் ஒரு நாடு நாடாக இருக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை என்று அது தெரிவித்த கருத்து, பவளத்தீவு மக்களுக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

இவ்விடத்தில் இலங்கை நேயர்கள் நினைவிற்கொள்ளத்தக்க பெயர் ஒன்று உண்டு. அது நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி அவர்களின் பெயராகும். இலங்கை உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்த அவர், 1991 முதல் 2000 வரை ஹேக் நீதிமன்றத்தில் வீற்றிருந்து அதன் உபதலைவராகவும் விளங்கினார். தன்யூப் நதியின் அணைக்கட்டுப் பற்றி ஹங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் நடந்த வழக்கில், 1997ஆம் ஆண்டு அவர் எழுதிய தனி அபிப்பிராயம் புகழ்பெற்றது. இலங்கையின் பண்டைக் குளங்களையும் நீர்ப்பாசன முறைகளையும் எடுத்துக்காட்டி, நிலத்தையும் நீரையும் வருங்காலத்தவர்க்காகக் காக்கும் கடமை மனித குலத்தின் பழைய அறம் என்று அவர் நிறுவினார். அதற்கு முன்னரே, நௌரு என்னும் பசுபிக் தீவில் பொசுபேற்றுக் கனியம் அகழ்ந்து பாழ்படுத்தப்பட்ட நிலங்களைப் பற்றி விசாரித்த ஆணைக்குழுவுக்கு அவர் தலைமை தாங்கியிருந்தார். நௌருவின் மண் கப்பலேறி அயல்நாட்டு வயல்களுக்கு உரமாயிற்று. நௌரு மக்களுக்கு எஞ்சியது வெறும் பாறை. அத்தீவு 1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாமீது ஹேக் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1993ஆம் ஆண்டில் வழக்கு சமரசமாகி, 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டொலர் வழங்க ஆஸ்திரேலியா இணங்கியது. சிறுதீவு முறையிட்டாற் பெருநாடு விடைகூறும் என்பதற்கு இது முன்னுதாரணமாகும்.

நீதி என்று பேசுங்கால் எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்டல் வேண்டும். முன்னோர் அறியாமற் செய்ததற்குப் பின்னோரைத் தண்டிக்கலாமா என்பது ஒரு வாதம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நீராவி யந்திர காலந்தொட்டு எரிபொருள்களிலிருந்து வெளியான வாயுவில் அரைப்பங்குக்கு மேல் 1990ஆம் ஆண்டுக்குப் பின்னரே வெளியாயிற்று. உலக நாடுகள் காலநிலை ஆய்வுக் குழுவை அமைத்தது 1988ஆம் ஆண்டில். ஆகவே பெரும்பங்கு அறிந்தபின் செய்ததே. இன்று ஆண்டுதோறும் மிகுதியாக வாயுவை வெளியிடுவது சீனாவன்றோ, பழைய செல்வ நாடுகளை மட்டும் குறை கூறலாமா என்பது மற்றொரு வாதம். இதுவும் மறுக்கற்பாலதன்று, பொறுப்பு என்பது பழங்கணக்கோடு முடிந்துவிடுவதன்று. புதிதாகச் செல்வமடைந்தோரும் தம் பங்கை ஏற்கவேண்டியவரே. ஆனால் புதிய கடனாளி தோன்றியதனாற் பழைய கடனாளியின் கணக்கு அழிந்துவிடாது.

மூன்றாவது வாதமொன்றும் உண்டு. ஏழை நாடுகளின் ஆட்சியாளர் கையிற் கொடுக்கும் பணம் ஏழைகளின் கையைச் சேருமா என்று கேட்கின்றனர். இக்கேள்வி எல்லாவற்றினும் கூர்மையானது. ஏழை நாடுகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'தித்வா' சூறாவளி இலங்கையில் 600 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. மலைநாட்டிலே மண்சரிவுகள் ஊர்களைப் புதைத்தன. அங்கும் சரிவான நிலத்தில் ஒற்றையறை லயங்களில் தலைமுறை தலைமுறையாய் வாழும் தோட்டத் தொழிலாளிக்கும், உறுதியான நிலத்தில் மாளிகை கட்டியவருக்கும் மழை ஒன்றே, ஆபத்து ஒன்றன்று. வெளிநாடுகளிடம் நீதி கோரும் அரசு, தன் நாட்டின் பாதுகாப்பற்ற சரிவுகளில் வாழ்வோருக்கு உறுதியான நிலமும் வீடும் அளித்தாலன்றி, அதன் கோரிக்கை பாதி நீதியாகவே நிற்கும். வெளியிலிருந்து வரும் பணத்தின் கணக்கை மக்கள் அறியச் செய்வதும், எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை என்பதைக் கிராமத்தவரையே கேட்டுச் செய்வதும் அந்நீதியின் பகுதிகளாம்.

ஹேக் நீதிமன்றத்தின் அபிப்பிராயம் ஆலோசனை மாத்திரமே; அதனை நிறைவேற்றச் சேவகர் எவரும் இல்லை. சூறாவளிகள் அதனால் நின்றுவிடப் போவதுமில்லை. ஆயினும் அதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. இனி எந்நாட்டு நீதிமன்றமும், எந்த மாநாடும், புயலில் வீடிழந்தவனை உதவி கேட்டு நிற்பவன் என்று மட்டும் கூறிவிட முடியாது. அவன் உரிமை கோரி நிற்பவன் என்பது ஏட்டில் ஏறிவிட்டது. திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும், நடுவுநிலைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது உள்ளவன் மனத்தைப் பொறுத்தது. பின்னது எவர் மனத்தையும் பொறுத்ததன்று. வெள்ளம் வந்த நாளில் ஒருவேளை உணவு கொடுத்த கைகள் போற்றற்குரியன. அவ்வெள்ளம் ஏன் வந்தது, அதன் நட்டத்தை ஏற்கவேண்டியவர் யாவர், அடுத்த வெள்ளத்தைக் குறைக்கும் பொறுப்பு எவருடையது என்ற கேள்விகள் மட்டும் அந்த உணவோடு முடிந்துவிடக் கூடாது. அவற்றைக் கேட்க ஏழைகளுக்கு உரிமை உண்டு. விடை கூறுதல் ஏனையோரின் கடனாகும்.